நண்பர்கள் சேர்ந்து தொழில் தொடங்க: எதை முதலில், எதை அப்புறம்

காங்கேயம் பக்கம் ஒரு வாடகை ஷெட்டில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து மரச்செக்கு போட்டோம். இரண்டாவது வருஷம் பிரிந்தோம். எண்ணெய் நன்றாகத்தான் விற்றது. சண்டை வந்தது புண்ணாக்குப் பணத்தில். மாடு வைத்திருப்பவர்கள் நேரில் வந்து ரொக்கம் கொடுத்துப் புண்ணாக்கு வாங்கிப் போவார்கள். ஷெட்டில் அந்த நேரம் யார் இருந்தாரோ அவர் பையில் அந்தப் பணம் போகும். ஆட்கூலிக்கும் வண்டி வாடகைக்கும் டீக்கும் அதிலிருந்தே எடுப்போம். யாரும் திருடவில்லை. யாரும் எழுதவும் இல்லை. ஒரு நாள் மாலை ஒருவர் "புண்ணாக்குக் காசெல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை.

அதன் பிறகு வேறொரு கூட்டாளியுடன் மறுபடி தொடங்கினேன். புதிதாகத் தொழில் தொடங்கும் தம்பி தங்கைகள் பலர் யோசனை கேட்டு வருகிறார்கள். பெரும்பாலும் உழைப்பிலோ சரக்கிலோ அவர்களிடம் குறை இருப்பதில்லை. முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியில் செய்கிறார்கள். இயந்திரத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டுப் பங்கு பேசுகிறார்கள், கடன் கழுத்துக்கு வந்த பிறகு வழிகாட்டி தேடுகிறார்கள். அதனால் வரிசைப்படியே எழுதுகிறேன். உதாரணம் செக்கு என்றாலும் பேக்கரி, தையல் யூனிட், மென்பொருள் என எதுவாக இருந்தாலும் வரிசை இதுதான்.

1. பேச உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று பதில்களை ஒவ்வொருவரும் தனியாக, தாளில் எழுதிக்கொண்டு வர வேண்டும். சம்பளம் இல்லாமல் எத்தனை மாதம் தாங்க முடியும்? போடும் பணம் சொந்தச் சேமிப்பா, அப்பாவுடையதா, நகையை வைத்து வாங்கியதா? இரண்டு வருஷத்தில் கல்யாணம், வெளிநாட்டு வேலை, மேற்படிப்பு என்று ஏதாவது வீட்டில் பேச்சு இருக்கிறதா?

தனியாக எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கூட்டமாக உட்கார்ந்தால் முதலில் பேசுபவர் "ஒரு வருஷம் தாங்குவேன்" என்பார். வெட்கப்பட்டு மற்றவர்களும் அதையே சொல்வார்கள். நகைக்கடன் வட்டி மாதாமாதம் கட்டுகிறவருக்கும், அப்பா கொடுத்த பணத்தைப் போட்டவருக்கும் பொறுமை ஒரே அளவு இருக்காது. இது தெரியாமல் தொடங்கினால் ஐந்தாவது மாதம் ஒருவர் மட்டும் "எனக்குக் கொஞ்சம் பணம் வேணும்" என்று கேட்பார். மற்றவர்களுக்கு அது பேராசையாகத் தெரியும்.

2. முப்பது நாள் சேர்ந்து வேலை செய்து பாருங்கள்

நல்ல நண்பர் நல்ல கூட்டாளியாக இருப்பார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. அதைப் பேச்சில் கண்டுபிடிக்கவும் முடியாது. ஒரு சின்ன வேலையை எடுத்து முடித்துப் பாருங்கள்.

எண்ணெய்த் தொழிலில் இது சுலபம். இயந்திரம் வாங்காதீர்கள். 100 கிலோ நிலக்கடலைப் பருப்பு வாங்கி, வேறொருவர் செக்கில் கூலிக்கு ஆட்டுங்கள். ஏறக்குறைய இரண்டரை கிலோ பருப்புக்கு ஒரு லிட்டர் என்ற கணக்கில் 40 லிட்டர் பக்கம் கிடைக்கும். அதைத் தெளியவைத்து, பாட்டிலில் அடைத்து, தெரிந்தவர்களுக்கு இல்லாமல் தெரியாத கடைகளுக்கு விற்றுக் காட்டுங்கள். தெரிந்தவர்கள் முகத்துக்காக வாங்குவார்கள். அதை வைத்துத் தொழிலை எடை போட முடியாது.

இந்த முப்பது நாளில் நான் கவனிக்கச் சொல்வது மூன்றுதான். அன்றைய வரவு செலவை அன்று இரவே எழுதுகிறாரா? பாட்டில் கசிந்துவிட்டது என்று கடைக்காரர் கூப்பிட்டால் போனை எடுக்கிறாரா? கெட்ட செய்தியை அவரே முதலில் வந்து சொல்கிறாரா, நாம் கேட்கும்வரை வைத்திருக்கிறாரா? மூன்றாவதற்கு நான் மற்ற இரண்டையும் விட அதிக மதிப்புக் கொடுப்பேன். கணக்கு எழுதப் பழக்கிவிடலாம். மறைக்கும் பழக்கத்தை மாற்றுவது மிகவும் கஷ்டம்.

பலர் செய்யும் தவறு, இந்த மாதத்தை "சும்மா சோதனைதானே" என்று கணக்கு எழுதாமல் விடுவது. அந்த நோட்டுதான் நான்காவது படிக்கு உங்கள் கையில் இருக்க வேண்டிய பொருள்.

3. வேலையைப் பிரித்து, கடைசிச் சொல் யாருடையது என்று முடிவு செய்யுங்கள்

"எல்லாரும் எல்லாமும் பார்த்துக்கொள்வோம்" என்று சொல்லும் குழுவில் ஜிஎஸ்டி கணக்குத்தான் முதலில் விழும். மாதாமாதம் தாக்கல் செய்பவர்கள் 3பி படிவத்தை, அதாவது அந்த மாதத்து விற்பனை, வரிக் கணக்கின் சுருக்கத்தை, அடுத்த மாதம் 20-ம் தேதிக்குள் போட வேண்டும். தவறினால், வரி கட்ட வேண்டியிருக்கும்போது நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வட்டி தனி. மூவரும் அதை இன்னொருவர் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

சரக்கு வாங்குவது, ஆட்டுவதும் தரமும், விற்பனையும் வசூலும், கணக்கும் அரசு வேலைகளும் என்று நான்காகப் பிரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பெயர். ஒருவர் இரண்டை எடுக்கலாம். ஒன்றுக்கு இரண்டு பேர் கூடாது. அந்தத் துறையில் எல்லாரிடமும் யோசனை கேட்க வேண்டும், கடைசி முடிவு அவருடையது.

கூடவே ஒரு தொகை வரம்பும் வேண்டும். எங்கள் இடத்தில் 15,000 ரூபாய்க்குக் கீழே என்றால் துறைக்காரரே முடிவு செய்யலாம். அதற்கு மேல் போனால் அத்தனை பேரும் சரி சொல்ல வேண்டும். வரம்பு இல்லாவிட்டால் ஒன்று நடக்கும்: ஒரு மூடி வாங்கக்கூட மூன்று பேரையும் கேட்க வேண்டியிருக்கும், அல்லது ஒருவர் மட்டும் போய் இரண்டு லட்சத்துக்குக் கொப்பரை வாங்கிப் போட்டுவிடுவார்.

4. இப்போதுதான் வழிகாட்டியைத் தேட வேண்டும்

நிறையப் பேர் இதை முதல் படியாகச் செய்கிறார்கள். கையில் எதுவும் இல்லாமல் போனால், அவரும் "நல்லா பண்ணுங்க தம்பி" என்று வாழ்த்தி அனுப்புவதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும்? முப்பது நாள் நோட்டோடு போனால் பேச்சே வேறு. அதே சமயம் ஒப்பந்தம் எழுதிய பிறகு போனாலும் தாமதம்தான். வரைவு நிலையிலேயே அவர் கண்ணில் பட்டால் ஓட்டைகள் தெரியும்.

யாரைத் தேடுவது? அதே தொழிலில், ஆனால் நீங்கள் விற்காத ஊரில் இருப்பவர் முதல் தேர்வு. உங்கள் ஊர்க்காரர் என்றால் போட்டி வந்துவிடும், மனம் விட்டுச் சொல்ல மாட்டார். ஈரோட்டில் செக்கு போடுபவருக்கு மதுரைப் பக்கம் இருபது வருஷம் எண்ணெய் வியாபாரம் பார்த்தவர் சரியான ஆள். பாட்டில், மூடி, லேபிள் விற்கும் வியாபாரியைக் கேட்டால் அப்படிப்பட்டவர்களை அவருக்குத் தெரியும். பல ஊர்களுக்குச் சரக்கு அனுப்புகிறவர் அவர்.

தெரிந்தவர் யாரும் இல்லாதவர்களுக்கு அரசு வழிகள் இருக்கின்றன. ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்டத் தொழில் மையம் இருக்கிறது. சென்னை கிண்டியில் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் இருக்கிறது. புதுத் தொழில்களுக்கான தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு மென்டர்டிஎன் என்ற பெயரில் வழிகாட்டிகளோடு இணைத்துவிடுகிறது. மத்திய அரசின் ஸ்டார்ட்அப் இந்தியாவுக்கு, வழிகாட்டிகளைத் தேட மார்க் என்ற இணையதளம் உண்டு. தொழில்நுட்பம் சார்ந்த யோசனை என்றால் கோவை பிஎஸ்ஜி ஸ்டெப், ஐஐடி மெட்ராஸ் இன்குபேஷன் செல் போன்ற, புதுத் தொழில்களை வளர்த்துவிடும் மையங்களை அணுகலாம்.

தவிர்க்க வேண்டியவர் ஒருவர் உண்டு: மூவரில் ஒருவருடைய மாமாவோ சித்தப்பாவோ. எவ்வளவு நல்லவராக இருந்தாலும், கருத்து வேறுபாடு வரும் நாளில் மற்ற இருவருக்கும் அவர் எதிர்த்தரப்பாகத்தான் தெரிவார். உறவினரிடம் யோசனை கேளுங்கள், தப்பில்லை. மூவருக்கும் பொதுவான வழிகாட்டியாக வெளி ஆள் வேண்டும்.

5. எப்படிக் கேட்பது

"எங்களுக்கு வழிகாட்டியாக இருப்பீர்களா?" என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். அது பெரிய பொறுப்பு. வேலை இருக்கும் மனிதர் பயந்து ஒதுங்குவார். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். என்னிடம் வந்த ஒரு குழு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இது. அவர்கள் அனுமதியோடு, பெயரை எடுத்துவிட்டுத் தருகிறேன்:

"ஐயா, வணக்கம். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து மரச்செக்கு எண்ணெய் விற்கத் தொடங்கியிருக்கிறோம். போன மாதம் 100 கிலோ பருப்பு ஆட்டி 41 லிட்டர் எடுத்தோம். 29 லிட்டர் விற்றது. நான்கு பாட்டில் கசிந்து திரும்பி வந்தது. மூடி விஷயத்தில் எங்கே தவறுகிறோம் என்று உங்களிடம் கேட்க வேண்டும். 20 நிமிடம் போதும், உங்களுக்குத் தோதான நேரத்தில் நாங்களே வருகிறோம்."

நாள் கணக்கில் பதில் சொல்லாத மனிதர் அன்று மதியமே கூப்பிட்டார். எண் இருக்கிறது, குறையை ஒப்புக்கொள்கிறார்கள், கேள்வி ஒன்றுதான், நேரம் கொஞ்சம். இதற்கு மேல் செய்தியில் எதுவும் தேவையில்லை.

6. முதல் சந்திப்பில் நோட்டைத் திறந்து வையுங்கள்

மூவரும் சேர்ந்து போக வேண்டும். ஒருவர் மட்டும் போய்க் கேட்டு வந்து மற்றவர்களுக்குச் சொன்னால், வழிகாட்டி சொன்னது எது, இவர் நினைத்தது எது என்று பிரித்துப் பார்க்க முடியாது. "அவர்தான் சொன்னார்" என்பது பின்னால் ஆயுதமாகிவிடும்.

அந்தக் குழுவோடு நானும் போயிருந்தேன். பெரியவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "எப்படிப் போகுது?" என்றார். "நல்லாப் போகுதுங்கய்யா" என்றான் ஒரு தம்பி. அவர் தலையாட்டிவிட்டு, "பத்து கிலோ பருப்புப் போட்டா எண்ணெய் எத்தனை, புண்ணாக்கு எத்தனை?" என்று கேட்டார். எண்ணெயின் அளவு தெரிந்தது. புண்ணாக்கை யாரும் எடை போடவில்லை. "ரெண்டையும் எடை போட்டுக் கூட்டிப் பாருங்க. போட்ட எடைக்கும் வந்த எடைக்கும் ரொம்ப வித்தியாசம் இருந்தா பருப்புல ஈரம் இருக்கு, இல்லேன்னா எங்கயோ சிந்துது. அப்புறம் மூடியப் பத்திப் பேசலாம்" என்றார். மூடியைப் பற்றிக் கேட்கப் போனவர்களுக்கு, பருப்பு வாங்கும் இடத்திலேயே பணம் போவது அன்றைக்குத்தான் தெரிந்தது. நல்ல வழிகாட்டி பெரும்பாலும் கேட்டதற்குப் பதில் சொல்வதற்கு முன், நாம் கேட்க மறந்ததைக் கேட்பார்.

அவர் சொன்னதை எழுதிக்கொண்டு வாருங்கள். ஒன்றையாவது செய்து பார்த்து, பதினைந்து நாளில் என்ன ஆயிற்று என்று நாலு வரி அனுப்புங்கள். சரியாக வராவிட்டாலும் அனுப்புங்கள். இதைச் செய்யாதவர்களே அதிகம். சொன்னது எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரியாத வழிகாட்டி அடுத்த முறை போனை எடுக்கத் தயங்குவார். மாதம் ஒருமுறை என்று பழக்கமான பிறகு உறவு தானாக உருவாகும்.

வழிகாட்டியிடம் கடன் கேட்கக் கூடாது. கேட்ட நிமிடம் அவர் கடன் கொடுப்பவர் ஆகிவிடுவார், பிறகு உண்மையைச் சொல்ல நமக்கே வாய் வராது. முதல் மாதத்திலேயே பங்கு கேட்பவரிடமும் கையெழுத்துப் போட்டால்தான் பேசுவேன் என்பவரிடமும் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். கணக்கு, வரி விஷயங்களை வழிகாட்டி தலையில் போடாதீர்கள். அதற்குக் காசு கொடுத்து ஆடிட்டரைப் பாருங்கள்.

7. பணம், உழைப்பு, இடம்: மூன்றையும் தனித்தனியாக எடை போடுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். புதியவர்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து "ஆளுக்கு மூணில் ஒரு பங்கு" என்று முடித்துவிடுகிறார்கள். தொடங்கும் நாளில் அது நியாயமாகத் தெரியும். ஒருவர் விடியற்காலை ஐந்து மணிக்குச் செக்கடியில் நிற்க, இன்னொருவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து போகும்போது அது உறுத்தத் தொடங்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் போட்டவர் 4 லட்சம் தருகிறார், மாலையில் மட்டும் வந்து கணக்குப் பார்க்கிறார். உழைப்பவர் 1 லட்சம் போட்டு முழுநேரமும் நிற்கிறார். மூன்றாமவர் பணம் போடவில்லை. தோட்டத்து ஷெட்டைக் கொடுத்திருக்கிறார். ஒரு மாதம் இவர்களுக்கு எதுவும் கொடுப்பதற்கு முன் 60,000 ரூபாய் மிஞ்சுகிறது என்று வையுங்கள்.

உழைப்புக்கு முதலில் சம்பளம்: முழுநேரத்துக்கு 18,000, மாலை வேலைக்கு 6,000. அடுத்து ஷெட் வாடகை 7,000. போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் வட்டி என்றால் மாதம் ஒருவருக்கு 4,000, இன்னொருவருக்கு 1,000. ஆக 36,000 போக 24,000 மீதி. அதில் பாதியைத் தொழிலிலேயே விட்டுவிட்டு, மிச்சம் 12,000-ஐ ஆளுக்கு 4,000 பிரித்தால், உழைப்பவருக்கு 23,000, முதல் போட்டவருக்கு 14,000, இடம் கொடுத்தவருக்கு 11,000 போய்ச் சேரும். தொகைகள் உங்கள் ஊருக்கு மாறும். ஆனால் யாருக்கு எதற்காக எவ்வளவு என்று மூவரும் வாய்விட்டுச் சொல்ல முடியும். அதுதான் வேண்டியது.

பணம் பற்றாத மாதத்துக்கும் வரிசை வையுங்கள்: முதலில் வேலையாட்கள் கூலி, பிறகு வாடகை, பிறகு கூட்டாளி சம்பளம், வட்டி கடைசி. கொடுக்காததைப் பாக்கி என்று நோட்டில் எழுத வேண்டும்.

8. ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யுங்கள்

எழுதாமல் விட்டாலும் சட்டம் சும்மா இருக்காது. 1932-ம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் லாபமும் நஷ்டமும் எல்லாருக்கும் சமம். உழைப்புக்குச் சம்பளம் கேட்க உரிமை கிடையாது. மேலே சொன்ன கணக்கில் ஐந்து மணிக்கு எழுந்தவருக்கு அந்தச் சம்பளம் சட்டப்படி இல்லை.

இன்னும் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். நிறுவனத்தின் வழக்கமான வியாபாரத்துக்காக ஒரு கூட்டாளி வாங்கும் கடனுக்கு எல்லாரும் பொறுப்பு, சொந்தச் சொத்துவரை. பதிவு செய்யாத கூட்டு நிறுவனம், பாக்கி வைத்த கடைக்காரர்மேல் ஒப்பந்தப்படி வசூலிக்க வழக்குப் போட முடியாது. எண்ணெய்க் கடைகளில் பாதி வியாபாரம் கடனில் நடப்பதால் பதிவு செய்வது அவசியம் என்பேன். பொறுப்பு போட்ட முதலோடு நிற்க வேண்டும் என்றால் 2008-ம் ஆண்டுச் சட்டப்படி எல்எல்பி, அதாவது வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை, தொடங்கலாம். அதற்கு ஆண்டுதோறும் மே 30-க்குள் படிவம் 11 (ஆண்டு அறிக்கை), அக்டோபர் 30-க்குள் படிவம் 8 (கணக்கு அறிக்கை) போட வேண்டும். வியாபாரமே நடக்காத வருஷத்திலும். வங்கி சொந்த ஜாமீன் கேட்டுக் கையெழுத்து வாங்கினால் அந்தக் கடனுக்கு எல்எல்பி காப்பாற்றாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடையில் கிடைக்கும் அச்சிட்ட மாதிரியில் பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போடுவது பரவலான தவறு. அதில் பிரிவது பற்றி இரண்டு வரிதான் இருக்கும். நீங்கள் அதைத்தான் விரித்து எழுத வேண்டும். விலகுபவர் எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும்? நாங்கள் மூன்று மாதம் வைத்திருக்கிறோம். இயந்திரத்துக்கு அன்றைய சந்தை விலையா, வாங்கிய விலையா? வர வேண்டிய பாக்கியை எப்படிக் கணக்கிடுவது? வசூலான பிறகு மட்டும் பங்கு என்று எழுதினால் தகராறு குறையும். பணத்தை ஒரே தவணையில் கொடுத்தால் தொழில் படுத்துவிடும், அதனால் பன்னிரண்டு தவணை என்று எழுதலாம். பெயரும் லேபிளும் யாருக்கு? ஒரு கூட்டாளி இறந்துவிட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது கூட்டு கலைந்துவிடும் என்பது சட்டம். மூன்று பேர் இருக்கும்போது மற்றவர்கள் தொடரலாம் என்று எழுதிவைக்கலாம்.

இதையெல்லாம் பேசினால் அபசகுனம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மனம் ஒத்திருக்கும் நாளில் பேசினால் அரை மணி நேரத்தில் முடிகிற பேச்சு இது. மனம் முறிந்த பிறகு எங்களுக்கு ஏழு மாதம் பிடித்தது.

வரைவை வழிகாட்டியிடம் ஒருமுறை காட்டிவிட்டு, வக்கீலிடமோ ஆடிட்டரிடமோ சரிபார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

9. வங்கிக் கணக்கும் ரொக்க நோட்டும்

நிறுவனத்தின் பெயரில் நடப்புக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து. க்யூஆர் அட்டையும் அந்தக் கணக்குக்கே போக வேண்டும். ஒருவருடைய சொந்த ஜிபே எண்ணைக் கல்லாவில் ஒட்டிவைப்பது முதல் வாரத்துச் சௌகரியம். அப்படியே இரண்டு வருஷம் ஓடிவிடும்.

ரொக்கத்துக்குத் தனி நோட்டு. எங்கள் இப்போதைய செக்கில் புண்ணாக்குச் சாக்குக்குப் பக்கத்திலேயே ஆணியில் ஒரு நோட்டும் பேனாவும் தொங்குகிறது. தேதி, எடை, தொகை, வாங்கியவர் பெயர், பணம் வாங்கியவர் கையெழுத்து. அந்தப் பணத்தில் டீ வாங்கினாலும் அதே பக்கத்தில் எழுத வேண்டும். உங்கள் தொழிலில் புண்ணாக்கு இல்லாமல் இருக்கலாம். அட்டைப்பெட்டியோ, வெட்டுத் துணியோ, பழைய கேனோ இருக்கும். உப பொருளின் காசு எங்கே போகிறது என்று முதல் நாளே பாருங்கள்.

10. வாரம் ஒருமுறை உட்காருங்கள்

கிழமையும் நேரமும் மாறக் கூடாது. எங்களுக்குச் செவ்வாய் மாலை ஆறு மணி. அன்று எங்கள் செக்கு ஓடாது. நாற்பது நிமிடம் போதும். ரொக்க நோட்டும் வங்கி இருப்பும் முதலில், வசூலாகாத பாக்கி அடுத்து, வரும் வாரத் தேதிகள் அப்புறம். கடைசிப் பத்து நிமிடம் ஒவ்வொருவரும் இந்த வாரம் மனதில் உறுத்திய ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒன்றும் இல்லை என்று தொடர்ந்து மூன்று வாரம் ஒருவர் சொன்னால், தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

பேசியதை ஒரு பக்கத்தில் எழுதி மூவரும் கையெழுத்துப் போடுங்கள். மாதக் கடைசியில் அந்த நான்கு பக்கத்தையும் படம் எடுத்து வழிகாட்டிக்கு அனுப்பலாம். நேரில் விளக்கும் நேரம் மிச்சம்.

ஏதாவது ஒன்றில் இரண்டு வாரம் பேசியும் முடிவு வரவில்லை என்றால் மூன்றாவது வாரம் மூவரும் ஒரே வண்டியில் ஏறி வழிகாட்டியிடம் போங்கள். முந்திக்கொண்டு யாரும் தனியாகப் போன் செய்யக் கூடாது என்பதையும் முதல் நாளே பேசி வையுங்கள்.